தடிமனுக்கும் பீனிசத்துக்கும் (சைனஸ்) கை மருந்து: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் புதிதாகத் தொடங்குவோருக்கு

கார்த்திகை, மார்கழியில் மழை ஊற்றும்போது வீட்டுக்கு வீடு தடிமன். மழை ஓய்ந்து பெரும்போக வெட்டுத் தொடங்கினால் நெல்லுத் தூசியில் தும்மல். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடித்தால் புழுதியில் மூக்கடைப்பு. அம்மம்மாவோ பரியாரியோ பக்கத்தில் இருந்தவரை யாரும் அளவு கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. இப்போது கொத்தமல்லியை எவ்வளவு போடுவது, எத்தனை நாள் குடிப்பது, எப்போது நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று தெரியாமல்தான் பலர் தொடங்குகிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது.

கை மருந்து தடிமன் கிருமியைக் கொல்லாது. சளியை இளக்கும், தொண்டை அரிப்பை ஆற்றும், மூச்சை இலேசாக்கும், படுக்க விடும். அதற்கே அது நல்ல மருந்துதான். அதற்கு மேல் எதிர்பார்த்து நாளைக் கடத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

மூக்கு ஒழுகத் தொடங்கிய நாளைக் கலண்டரில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இந்த வட்டத்தை வைத்துத்தான். வைத்தியர் கேட்கும் முதல் கேள்வியும் “எத்தனை நாளாக?” என்பதே.

சாதாரணத் தடிமன் 7 முதல் 10 நாளில் தானாக அடங்கும். முதல் இரண்டு நாள் தண்ணீராக ஒழுகும், பிறகு தடித்து மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும். பச்சைச் சளி என்றவுடன் அன்ரிபயோட்டிக் தேட வேண்டாம், நிறத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இருமல் மூன்று கிழமை வரை இழுபடலாம்.

பத்து நாள் தாண்டியும் குறையாமல், கன்னத்திலும் கண்ணுக்கு நடுவிலும் பாரம், குனிந்தால் முகத்தில் இடிப்பு, மேற்பல் நோவு, மணம் தெரியாமை என்று இருந்தால் அது பீனிசப் பக்கம் போகிறது. ஐந்தாம் ஆறாம் நாளில் சுகமாகி வந்து, திரும்பக் காய்ச்சலோடு மோசமானாலும் அப்படித்தான். இதைப் பலர் புதுத் தடிமன் என்று நினைத்துத் திரும்ப முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். பழைய வட்டத்தையே பாருங்கள்.

காய்ச்சல், சளி ஒன்றும் இல்லாமல், காலையில் எழும்பியதும் தொடர் தும்மலும் கண் கடியும் மட்டும் என்றால் அது தூசி ஒவ்வாமை. அதற்குக் குடிநீர் காய்ச்சிப் பயன் குறைவு. நேரே 5ஆம் படிக்குப் போங்கள்.

2. எவர் தொடவே கூடாது

பிறந்து மூன்று மாதமாகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கை மருந்து எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேன் நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி உடலைத் தளர்த்திவிடும்.

கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு. அதிமதுரமும் வேண்டாம். பிரஷர்காரர், சிறுநீரக வருத்தக்காரர், நீர் போகக் குளிசை எடுப்பவர்களும் அதிமதுரத்தைத் தவிர்க்க வேண்டும். அது உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கடையில் “இருமலுக்கு நல்லது” என்று ஒரு துண்டு சேர்த்துக் கட்டித் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் உள்ளி, இஞ்சியைக் கறிக்குப் போடும் அளவோடு நிறுத்த வேண்டும். வலிப்புக்குக் குளிசை எடுப்பவர்கள் மிளகு, திப்பிலிக் குடிநீரை வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மிளகிலுள்ள காரச் சத்து சில குளிசைகளின் அளவை உடம்பில் கூட்டிவிடும். காஸ்ரிக் உள்ளவர்கள் மிளகைப் பாதியாக்கி, சாப்பிட்ட பிறகு குடிக்கலாம்.

3. சாமான் வாங்குதல்

ஒரு வீட்டுக்கு ஒரு மாரிக்குப் போதுமானது: மல்லி 250 கிராம், வேர்க்கொம்பு (சுக்கு) 100 கிராம், மிளகு 50 கிராம், திப்பிலி 25 கிராம், பனங்கற்கண்டு 100 கிராம். இதற்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள், மாரி ஈரத்தில் வண்டு விழும். இதில் கையைக் கடிப்பது திப்பிலிதான். கிராம் கணக்கில் கேட்டு வாங்குங்கள், “ஒரு பாக்கெற்” என்று கேட்டால் எவ்வளவு வருகிறது என்றே தெரியாது. திப்பிலி கிடைக்காவிட்டால் மிளகை இரண்டு மூன்று கூட்டினால் போதும், அதைத் தேடி மட்டக்களப்பு ரவுணுக்கு பஸ் ஏறத் தேவையில்லை.

நாட்டு மருந்துக் கடைகளில் பழைய மருந்துத் துண்டோடு போனால் அளவு கழஞ்சில் இருக்கும். ஒரு கழஞ்சைச் சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேர்க்கொம்பை உடைத்துப் பாருங்கள். உள்ளே நார் நாராக, மணத்தோடு இருக்க வேண்டும். மாவாகக் கொட்டினால் வண்டு குடித்தது. வெளியே வெள்ளையாகப் பூசியிருப்பது சுண்ணாம்பு, அதைத் தோலோடு சேர்த்துக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும். “சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு” என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது இதற்குத்தான்.

மல்லி, வேர்க்கொம்பு, பற்படகம், கண்டங்கத்தரி, வெனிவெல் (மரமஞ்சள்) ஐந்தும் சேர்ந்த ‘பஸ்பங்குவ’ பாக்கெற்றும் எல்லாக் கடையிலும் உண்டு. தனித்தனியாக வாங்க நேரமில்லாதவர்களுக்கு அது நல்லது. கசக்கும், ஆனால் காய்ச்சல் குணத்தோடு உடம்பு நோவும் சேர்ந்த தடிமனுக்கு வெறும் மல்லியை விட அதைத்தான் பலர் விரும்புகிறார்கள். திகதியைப் பார்த்து வாங்குங்கள். சுடுதண்ணியில் கரைத்துக் குடிக்கும் தூள்கள் வேறு, அவற்றில் சீனி அதிகம். சலரோகக்காரர் பாக்கெற்றின் பின்பக்கத்தை வாசிக்காமல் வாங்க வேண்டாம்.

பச்சை இலைகளில் இரண்டு கவனம். ஒன்று, வயல் வரம்பிலும் வடிகான் ஓரத்திலும் பிடுங்காதீர்கள், களை எண்ணெய் பட்டிருக்கும். மற்றது பெயர்க் குழப்பம். அம்பாறையில் சிங்களக் கடைக்காரரிடம் ‘பாவட்டா’ என்று கேட்டால் ஆடாதோடை வரும், தமிழில் பாவட்டை என்பது வேறு செடி. ஆடாதோடை இலை ஈட்டி போல நீண்டு, தண்டில் எதிரெதிராக இருக்கும். பூ வெள்ளை, உள்ளே ஊதாக் கீற்று, வாய் பிளந்தது போல இரண்டு உதடு. இலையை நுனியில் கடித்தால் கடும் கைப்பு. இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வைத்துவிடுங்கள்.

4. மல்லிக் குடிநீர் காய்ச்சுதல்

பெரிய ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு:

மல்லி 2 மேசைக்கரண்டி
வேர்க்கொம்பு பெருவிரல் நுனியளவு ஒரு துண்டு
மிளகு 8
திப்பிலி 3
தண்ணீர் 4 தேத்தண்ணிக் கோப்பை

மல்லியை அரித்துக் கழுவி வடியவிடுங்கள், கல்லும் மண்ணும் நிறைய இருக்கும். மண்சட்டியிலோ சில்வர் சட்டியிலோ போட்டு மெல்லிய நெருப்பில் வறுங்கள். முதலில் ஈரம் சீறும், பிறகு அந்தச் சத்தம் நின்று, மல்லி சட்டியில் உருளும் ஓசை காய்ந்த மணல் போல மாறும். அப்போதே மணம் எழும்பும். அந்த இடத்தில் இறக்க வேண்டும். இன்னும் அரை நிமிடம் விட்டால் கறுத்து, குடிநீர் கருகல் கைப்பாகிவிடும். அலுமினியச் சட்டி வேண்டாம்.

எல்லாவற்றையும் உரலில் இரண்டாக மூன்றாக உடையும்படி தட்டுங்கள். தூளாக்கினால் அடியில் பிடிக்கும், வடிக்கவும் முடியாது, தொண்டையில் கரகரக்கும். தண்ணீர் விட்டு, கொதித்ததும் நெருப்பைக் குறைத்து, மூடாமல், நாலு கோப்பை ஒரு கோப்பையாகும் வரை விடுங்கள். ஏறத்தாழ 40 நிமிடம் எடுக்கும். தண்ணீர் எவ்வளவு வற்றியது என்று தெரியாமல் தடுமாறுவீர்கள். தொடங்குமுன் ஒரு கோப்பை தண்ணீரை மட்டும் சட்டியில் ஊற்றி, ஈர்க்குக் குச்சியை நிறுத்தி நனைந்த இடத்தில் நகத்தால் கீறி வையுங்கள். கடைசியில் குச்சியை விட்டுப் பார்த்தால் கணக்குச் சரி.

காலையில் அரைக் கோப்பை, பின்னேரம் அரைக் கோப்பை, இளஞ்சூட்டில். தேன் விடுவதானால் குடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகு விடுங்கள். சலரோகக்காரர் தேனும் வேண்டாம், பனங்கற்கண்டும் வேண்டாம். ‘சீனி இல்லை, பனங்கட்டிதானே’ என்பது இங்கே வேலை செய்யாது.

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இதில் கால் கோப்பை, இரண்டு வேளை. அதற்குக் கீழே, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மிளகு, திப்பிலி இல்லாமல் மல்லி மட்டும் அவித்த தண்ணீர் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும்.

அன்று காய்ச்சியது அன்றைக்கே. எங்கள் வெக்கைக்கு இரவு தாண்டினால் புளிக்கும். பாவித்த மண்டியை அடுத்த நாளும் அவிப்பவர்கள் உண்டு, அதில் நிறம் மட்டும்தான் வரும். மூன்று நாள் குடித்து, நல்லாகி வந்தால் ஐந்து நாளில் நிறுத்துங்கள். வருமுன் காப்போம் என்று மாதக்கணக்கில் மிளகுக் குடிநீர் குடித்தால் வயிறுதான் எரியும்.

சளி கட்டி இருமல் தொடர்ந்தால், கர்ப்பம் இல்லாத பெரியவர்கள் ஆடாதோடை முற்றின இலை இரண்டை நரம்பு நீக்கிக் கிழித்து இதே குடிநீரில் சேர்க்கலாம், ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். தூதுவளைச் சம்பல், கற்பூரவள்ளி இலை இரண்டை வாட்டிப் பிழிந்து தேனோடு கலந்த சாறு இவையெல்லாம் சாப்பாட்டோடு சேர்ந்தவை, பயப்படத் தேவையில்லை. தூதுவளையின் முள் இலையின் அடிநரம்பிலும் இருக்கும், கிள்ளியெடுத்துவிட்டு அரையுங்கள்.

5. மூக்குக் கழுவுதல்

பீனிசத்துக்கும் தூசி ஒவ்வாமைக்கும் இந்தக் கட்டுரையில் உள்ளவற்றுள் ஆகப் பயன் தருவது இதுதான். மூலிகையே இல்லை, உப்புத் தண்ணீர். செலவும் ஆகக் குறைவு. தேங்கிய சளியையும் உள்ளே ஒட்டிய நெல்லுத் தூசியையும் அலசி வெளியே எடுப்பது வேறு எந்தக் குடிநீராலும் முடியாது.

தண்ணீரைக் குமிழ் எழும்பக் கொதிக்கவைத்து ஐந்து நிமிடம் விட்டு, மூடி, தானாக ஆறவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கொதிக்காமல் மூக்கில் விடவே கூடாது. குடித்தால் வயிற்று அமிலத்தில் சாகும் சில நுண்ணுயிர்கள் மூக்கு வழியாகப் போனால் மூளைக்கே ஏறும். வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகள் எப்படி இருக்கும் என்று இங்கே எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

அரை லீற்றர் ஆறிய தண்ணீருக்கு முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு, மட்டமாக வழித்து. எரிந்தால் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா சேருங்கள். உப்புக் குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். கண்ணீர் அளவு உப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது சிரமம் என்றால் பாமசியில் நோர்மல் சேலைன் போத்தலும், ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சும் கிடைக்கும்.

தொட்டிக்கு மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சரித்து, வாயால் மூச்சு விட்டபடி, மேலே உள்ள மூக்கில் மெதுவாக விடுங்கள். கீழ் மூக்கால் வெளியே வரும். தலையைப் பின்னால் சாய்த்தால் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறும், முதல் தடவை எல்லோரும் செய்யும் பிழை இதுதான். முடிந்ததும் இரண்டு மூக்கையும் சேர்த்துப் பொத்திச் சீறாதீர்கள், தண்ணீர் காதுக்குப் போகும். படுக்கப் போக ஒரு மணித்தியாலம் முந்திச் செய்யுங்கள். காது நோவு இருந்தாலோ மூக்கு முற்றாக அடைத்திருந்தாலோ அன்றைக்கு வேண்டாம்.

சிரிஞ்சைக் கழுவி வெயிலில் காயவைப்பது முக்கியம். வெட்டுக் காலத்தில் சூடடிக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்துக்குத் துணி கட்டி, வீட்டுக்கு வந்ததும் ஒருதரம் கழுவினாலே இரவு தும்மல் பாதியாகும்.

6. வேது பிடித்தல்

நொச்சி இலை இரண்டு கைப்பிடி, கிடைத்தால் தேசி இலையும் துளசியும் ஒரு கைப்பிடி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி. தண்ணீர் பாதிச் சட்டி. ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, அசையாத மேசையில் வைத்து, இரண்டு நிமிடம் கழித்துத்தான் முகத்தைக் கொண்டு போங்கள். ஒரு முழம் தள்ளியே இருங்கள். கண்ணை மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு தரம்.

வேதில் நடக்கும் விபத்து பெரும்பாலும் சட்டி கவிழ்வதால்தான். மடியில் வைக்காதீர்கள், பாயில் இருந்துகொண்டு போர்வைக்குள் சட்டியை அணைக்காதீர்கள். பிள்ளைகளைப் போர்வைக்குள் இருத்தவே வேண்டாம், கொதிதண்ணீர் பட்டால் ஆயுளுக்கும் தழும்பு. கற்பூரம், மென்தோல் சேர்ந்த பாம் போடுவதென்றால் பயறளவு. கட்டியாகப் போட்டால் கண்ணும் மூக்கும் எரிந்து இன்னும் வீங்கும். இரண்டு வயதுக்குக் கீழே அந்தப் பாமை மூக்கடியில் பூசவும் கூடாது. ஆஸ்துமாக்காரர் மணம் எதுவும் இல்லாத வெறும் ஆவியோடு நிறுத்துங்கள். மஞ்சள் கட்டியைச் சுட்டுப் புகை இழுப்பதும் அவர்களுக்கு ஆகாது.

மூக்கில் எண்ணெய் விடுவது பற்றி எப்போதும் கேட்பார்கள். நசியம் என்பது வைத்தியர் கையால் நடக்க வேண்டியது. வீட்டில் நல்லெண்ணெயை ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம், பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து.

7. அரச ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

பத்து நாள் தாண்டினால், அல்லது பீனிசம் வருடத்துக்கு மூன்று நாலு தரம் திரும்பினால் கை மருந்தை நிறுத்திக் காட்டுங்கள். மட்டக்களப்பில் மஞ்சந்தொடுவாய், அம்பாறை மாவட்டத்தில் நிந்தவூர் உட்படப் பல இடங்களில் அரச ஆயுர்வேத ஆஸ்பத்திரிகள் உண்டு. பார்ப்பதும் மருந்தும் இலவசம். செலவு பஸ் காசும் அரை நாளும்தான்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, இப்போது எடுக்கும் குளிசைகளின் அட்டைகள் (பெயரைச் சொல்வதை விட அட்டையைக் காட்டுவது நல்லது), பிள்ளை என்றால் அதன் கிளினிக் புத்தகம், கழுவிக் காயவைத்த இரண்டு மூடிப் போத்தல். போத்தல் இல்லாமல் போய்ப் பாணியும் தைலமும் வாங்க முடியாமல் திரும்புவோர் நிறைய. காலையிலேயே போங்கள், துண்டு கொடுப்பது நேரத்தோடு நின்றுவிடும். போயா நாளிலும் அரச விடுமுறையிலும் திறக்குமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிட்டம் தந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது புளிக்கவைத்துச் செய்வது, இயல்பாகவே அதில் கொஞ்சம் மதுசாரம் உண்டு. மார்க்கத்தின்படி வேண்டாம் என்றாலோ பிள்ளைக்கு என்றாலோ தயங்காமல் சொல்லுங்கள், அதற்குப் பதிலாகச் சூரணமோ குடிநீரோ தருவார்கள்.

தனியார் வைத்தியரிடம் போவதானால், ஆயுர்வேத மருத்துவ சபையின் பதிவு இலக்கம் உண்டா என்று கேளுங்கள். அது அவமரியாதை அல்ல, பதிவுள்ளவர் சுவரில் மாட்டித்தான் வைத்திருப்பார். பெயரும் சேர்மானமும் எழுதாத உருண்டை, தூள் எதையும் வாங்காதீர்கள். ஒரே நாளில் மூக்குத் திறந்து, நிறுத்தினால் இரட்டிப்பாக அடைக்கும் “மூலிகை” மருந்து என்றால் உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். பாமசியில் வாங்கும் மூக்குத் திறக்கும் ஸ்பிறேயும் ஐந்து நாளுக்கு மேல் பாவித்தால் இப்படித்தான் திருப்பி அடைக்கும்.

8. கை மருந்தை வைத்துவிட்டு ஓட வேண்டிய நேரம்

மாரியில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைக்க வேண்டும். மூக்கு ஒழுகல் இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் நோவு, உடம்பு முறிவு என்றால் அது தடிமன் அல்ல. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் சோதியுங்கள். அதுவரை பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரினும் இபுபுறூபனும் வேண்டாம். பப்பாசி இலைச் சாறு குடித்துக்கொண்டு சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வயலில் இறங்கியவர் என்றால் எலிக்காய்ச்சலையும் வைத்தியருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கண் இமை வீங்கிச் சிவத்தல், பார்வை இரண்டாகத் தெரிதல், கழுத்து விறைப்பு, மயக்கம், பிள்ளையின் நெஞ்சுக்கூடு உள்ளிழுத்து வேகமாக மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று கண்டாலும் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

சின்னப் பிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே மணியோ புளியங்கொட்டையோ இருக்கலாம். தோண்டாதீர்கள், ஆஸ்பத்திரியில் எடுக்கட்டும். பெரியவருக்கு அப்படி வந்தால் மேற்பல் வேரைப் பார்க்கப் பல் வைத்தியரிடமும் காட்ட வேண்டும்.

9. அடுத்த மாரிக்கு

நொச்சி, ஆடாதோடை, கற்பூரவள்ளி மூன்றும் தடி வைத்தாலே பிடிக்கும். பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில், கணு மூன்று இருக்கும்படி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போக நடுங்கள். ஐப்பசி முதல் மழைக்கு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். கற்பூரவள்ளிக்கு மட்டும் தண்ணீர் தேங்கக் கூடாது, அழுகிவிடும். ஓட்டைப் போட்ட பழைய பெயின்ற் வாளியில் மணலும் எருவும் பாதிப் பாதி கலந்து, தாழ்வாரத்தில் மழை நேரே விழாத இடத்தில் வையுங்கள்.